மல்டிகாஸ்ட் சுவிட்சில் நகலை எங்கே எடுப்பது?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துரைத்துவிட்டுத் தொடங்குகிறேன். 16 போர்ட் கொண்ட ஒரு வலையமைப்புச் சுவிட்சை எஃப்பிஜிஏவில், அதாவது சுற்றமைப்பை நாமே எழுதிக்கொள்ளும் சிப்பில், வடிவமைக்கிறீர்கள். நடுவில், எந்த உள்போர்ட்டையும் எந்த வெளிப்போர்ட்டுடனும் இணைக்கும் கிராஸ்பார் இருக்கிறது. ஒவ்வொரு உள்போர்ட்டிலும், வெளிப்போர்ட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 16 வரிசைகள் இருக்கின்றன. ஐஸ்லிப் என்ற, முறைவைத்து வாய்ப்புத் தரும் வழியில் இயங்கும் ஷெட்யூலர் சுற்றுக்குச் சுற்று யாரை யாருடன் இணைப்பது என்று முடிவு செய்கிறது. ஒரே இலக்குக்குப் போகும் யூனிகாஸ்ட் டிராஃபிக் எதிர்பார்த்தபடி ஓடுகிறது. ஒரு பாக்கெட் பல போர்ட்டுகளுக்குப் போக வேண்டியிருந்தால் (அதுதான் மல்டிகாஸ்ட்), உள்போர்ட்டிலேயே தேவையான அளவு நகல் எடுத்து அந்தந்த வரிசையில் போட்டுவிட்டால் போதாதா, இதற்கென்று தனி ஏற்பாடு எதற்கு என்பது உங்கள் சந்தேகம்.

மல்டிகாஸ்ட் எப்போதாவது மட்டும் வரும் வலையமைப்பில் அது போதும். ஆனால் ஐபிடிவி, ஸ்டுடியோக்களுக்குள் அழுத்தப்படாத வீடியோ, பங்குச் சந்தை விலைத் தகவல் போன்றவை ஓடும் இடத்தில் அந்த வடிவமைப்பு நிற்காது. மல்டிகாஸ்ட் சுவிட்ச் வடிவமைப்பில் மற்ற எல்லா முடிவுகளையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு வரும் முடிவு ஒன்றுதான்: பாக்கெட் தன் பாதையில் எந்த இடத்தில் ஒன்றிலிருந்து பலவாகிறது என்பது. என் கருத்தில், அந்த இடம் வெளிப்போர்ட்டுக்கு எவ்வளவு அருகில் அமைகிறதோ அவ்வளவு நல்லது. அதற்கான காரணங்களையும், அப்படித் தள்ளிப்போடுவதால் வரும் சிக்கல்களையும் விளக்குகிறேன்.

முதலில் உங்கள் யோசனையையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர்ட் வேகம் 10 ஜிகாபிட் என்று வைத்துக்கொண்டால், 64 பைட் செல் (பாக்கெட்டை வெட்டிய சம அளவுத் துண்டு) ஒன்று கிராஸ்பாரைக் கடக்க 51.2 நானோநொடி ஆகும். ஓர் உள்போர்ட் ஒரு சுற்றில் ஒரு செல்லைத்தான் அனுப்ப முடியும் என்பதால், 16 நகல்களும் போய்ச் சேர 16 சுற்றுகள் வேண்டும். முதல் நகலுக்கும் கடைசி நகலுக்கும் இடையே குறைந்தது 768 நானோநொடி இடைவெளி விழும். அதைவிட மோசமானது கொள்ளளவு இழப்பு. எல்லாப் போர்ட்டுகளுக்கும் போக வேண்டிய டிராஃபிக் மட்டுமே ஓர் உள்போர்ட்டில் வருகிறது என்றால், அந்த 10 ஜிகாபிட் இணைப்பில் வெறும் 625 மெகாபிட்டுக்கு மேல் ஏற்றுக்கொள்ள முடியாது. மீதி எல்லாம் உள் பஃபரில் குவிந்து, அது நிரம்பியதும் சிந்தத் தொடங்கும். அந்த நேரத்தில் வேறு யாரும் எதையும் அனுப்பாவிட்டால் வெளிப்போர்ட் ஒவ்வொன்றும் 16 சுற்றுகளில் 15 சுற்றுகள் சும்மா இருக்கும். உள்ளே நெரிசல், வெளியே வெறுமை: ஒரு சுவிட்ச் இருக்கக்கூடாத நிலை இதுதான்.

நகல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது வெறும் செயல்திறன் பிரச்சினை மட்டும் அன்று என்பதற்கு மும்பையில் ஒரு சான்று இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையின் கோ-லொகேஷன் வசதியில் (தரகர்கள் தங்கள் சர்வர்களைச் சந்தையின் வளாகத்திலேயே வைக்கும் ஏற்பாடு), ஒவ்வொரு ஆர்டர் மாற்றத்தையும் சொல்லும் டிக்-பை-டிக் தகவல் தொடக்க காலத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியான டிசிபி இணைப்புகள் வழியாக, இணைந்திருந்த தரகர்களுக்கு வரிசைமுறையில் அனுப்பப்பட்டது. முதலில் இணைந்தவருக்கு முதலில் தகவல் கிடைக்கும் வாய்ப்பு அந்த அமைப்பிலேயே இருந்தது என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விசாரணைக்கு உள்ளாகி, 2019 ஏப்ரலில் அது பிறப்பித்த உத்தரவில் விரிவாகப் பேசப்பட்டது. தகவல் விநியோகம் பிற்பாடு மல்டிகாஸ்ட் முறைக்கு மாறியது. அங்கே நகல் எடுத்தது சர்வர், சுவிட்ச் அன்று. ஆனாலும் பாடம் சுவிட்ச் வடிவமைப்பாளருக்கும் உரியது. நகல் ஒவ்வொன்றாக எடுக்கப்படும் இடத்தில் வரிசை இருக்கும், வரிசை இருக்கும் இடத்தில் முந்தியவர் பிந்தியவர் என்ற வேறுபாடும் இருக்கும்.

இப்போது உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் கிராஸ்பாரைக் கவனியுங்கள். அது அடிப்படையில் குறுக்கும் நெடுக்குமான கம்பிகள். ஓர் உள்போர்ட்டின் கம்பியில் வரும் செல்லை, அந்தக் கம்பியைக் கடக்கும் வெளிப்போர்ட் கம்பிகளில் எத்தனை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம்; எஃப்பிஜிஏவில் அது ஒவ்வொரு வெளிப்போர்ட்டிலும் இருக்கும் 16-க்கு-1 மல்டிபிளெக்ஸராக (பதினாறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுற்றாக) அமைகிறது, பல மல்டிபிளெக்ஸர்கள் ஒரே உள்போர்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் தடை எதுவும் இல்லை. ஒரு வெளிப்போர்ட் ஒரு சுற்றில் ஒரே ஓர் உள்போர்ட்டைத்தான் கேட்க முடியும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. ஆகவே நகல் எடுக்கும் வேலையை வன்பொருள் இலவசமாகவே செய்து தருகிறது. வரிசைகளும் ஷெட்யூலரும்தான் அந்த வசதியைப் பயன்படுத்தத் தெரியாமல் நிற்கின்றன.

யூனிகாஸ்ட்டில் வெளிப்போர்ட்டுக்கு ஒரு வரிசை என்று பிரித்ததன் காரணம், வரிசையின் தலையில் நிற்பவர் பின்னால் இருப்பவரை மறிப்பதைத் தவிர்ப்பது. ஒரே வரிசை வைத்தால், சீராகச் சிதறிய இலக்குகளும் நிறைய போர்ட்டுகளும் உள்ள சுவிட்சின் செயல்வீதம் 58.6 சதவீதத்தைத் தாண்டாது என்று கரோல், ஹுளூகி, மார்கன் ஆகிய மூவரும் 1987-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே தீர்வை மல்டிகாஸ்ட்டுக்கு அப்படியே நீட்டினால், இலக்குகளின் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை வேண்டும். 4 போர்ட் சுவிட்சில் அது 15 வரிசை. உங்கள் 16 போர்ட் சுவிட்சில் ஓர் உள்போர்ட்டுக்கு 65,535 வரிசை. கட்ட முடியாது. எனவே மல்டிகாஸ்ட்டுக்கென ஒன்றோ சில வரிசைகளோ மட்டும் வைத்து, தலைமறிப்பை ஓரளவு ஏற்றுக்கொண்டு, அதன் சேதத்தை ஷெட்யூலரின் சாமர்த்தியத்தால் குறைப்பதே நடைமுறை வழி.

இங்கே முதலில் எடுக்க வேண்டிய முடிவு, ஒரு செல்லின் இலக்குகள் அனைத்தும் ஒரே சுற்றில் கிடைத்தால்தான் அனுப்புவதா, அல்லது கிடைத்தவற்றுக்கு இப்போது அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு அனுப்புவதா என்பது. முதல் வழியில் செயல்வீதம் வெகுவாகக் குறையும்; ஒரே ஒரு வெளிப்போர்ட் வேறு வேலையில் இருந்தால்கூட மற்ற 15 போர்ட்டுகளுக்கான வாய்ப்பு வீணாகும். ஆகவே பிரித்து அனுப்புவதையே கொள்ளுங்கள். ஒவ்வொரு மல்டிகாஸ்ட் செல்லுடனும் இன்னும் சேர வேண்டிய இலக்குகளைக் காட்டும் 16 பிட் பிட்மேப் ஒன்றை வைத்து, அனுமதி கிடைத்த வெளிப்போர்ட்டுகளுக்குரிய பிட்டுகளைச் சுற்றுதோறும் அழித்துக்கொண்டே வந்து, எல்லாம் சுழியம் ஆனதும் செல்லை விடுவித்தால் போதும்.

பிரித்து அனுப்பும்போது ஒரு சுற்றின் முடிவில் சில இலக்குகள் மிச்சம் விழும். அந்த மிச்சத்தை யாரிடம் விடுவது என்பதில்தான் நல்ல ஷெட்யூலருக்கும் சுமாரான ஷெட்யூலருக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ஒரு சிறிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 4 வெளிப்போர்ட்டுகள். 'அ' என்ற உள்போர்ட்டின் தலையில் உள்ள செல் 1, 2, 3 ஆகிய இடங்களுக்குப் போக வேண்டும். 'ஆ' என்ற உள்போர்ட்டின் தலையில் உள்ள செல் 2, 3, 4 ஆகிய இடங்களுக்குப் போக வேண்டும். 1-ஐ 'அ'வுக்கும் 4-ஐ 'ஆ'வுக்கும் தருவதில் போட்டி இல்லை. 2, 3 இரண்டிலும் போட்டி. நியாயமாகப் பங்கிடுகிறோம் என்று 2-ஐ 'அ'வுக்கும் 3-ஐ 'ஆ'வுக்கும் கொடுத்தால், இருவரிடமும் ஒவ்வோர் இலக்கு மிஞ்சும். அடுத்த சுற்றில் அந்த இரண்டு மிச்சங்கள் மட்டும் தீரும். 1, 4 ஆகிய வெளிப்போர்ட்டுகள் அந்தச் சுற்றில் சும்மா இருக்கும், ஏனெனில் இரு வரிசைகளின் தலையிலும் பழைய செல்களே நிற்கின்றன. இரண்டு சுற்றில் இரண்டு செல்கள் முடிந்தன.

இப்போது 2, 3 இரண்டையும் 'ஆ'வுக்கே கொடுத்துப் பாருங்கள். 'ஆ'வின் செல் முதல் சுற்றிலேயே முழுமையாக முடிந்துவிடும். 'அ'விடம் 2, 3 ஆகிய இரண்டும் மிஞ்சும். 'ஆ'வின் வரிசையில் அடுத்து வரும் செல் 1, 4 ஆகியவற்றுக்குரியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் 'அ' தன் 2, 3-ஐயும், 'ஆ' தன் புதிய 1, 4-ஐயும் அனுப்பும். நான்கு வெளிப்போர்ட்டுகளும் வேலை செய்தன. இரண்டு சுற்றில் மூன்று செல்கள் முடிந்தன. 'அ'வின் பழைய செல் முந்தைய முறையைவிடத் தாமதமாகவும் இல்லை. மிச்சத்தைச் சிதறவிடாமல் இயன்றவரை சில உள்போர்ட்டுகளிடமே குவித்துவிட வேண்டும் என்பது விதி. பாலாஜி பிரபாகர், நிக் மெக்கியோன், ரிதேஷ் அகுஜா ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விதியைத்தான் கணித அடிப்படையில் நிறுவியது.

குவிப்பு மட்டுமே விதி என்றால் நிறைய இலக்குகள் கொண்ட செல் எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கும் அபாயம் உண்டு. அதே ஆய்வு தரும் எடை முறை அதற்கு மருந்து. ஒவ்வொரு உள்போர்ட்டும் தன் தலைச் செல்லுக்கு ஓர் எடை கணக்கிடுகிறது. செல்லின் வயது ஏறினால் எடை கூடுகிறது, மீதமுள்ள இலக்குகள் அதிகமானால் எடை குறைகிறது. ஒவ்வொரு வெளிப்போர்ட்டும் தன்னைக் கேட்பவர்களில் கனமானவரைத் தேர்ந்தெடுக்கிறது. எல்லா வெளிப்போர்ட்டுகளும் ஒரே எடையைப் பார்ப்பதால் பெரும்பாலும் ஒரே உள்போர்ட்டையே தேர்ந்தெடுக்கின்றன. மிச்சம் தானாகவே குவிகிறது. காத்திருக்கும் செல்லின் வயது கூடிக்கொண்டே போவதால் அதற்கும் ஒரு நாள் முறை வந்தே தீரும். இந்த முறையின் அழகு, வெளிப்போர்ட்டுகள் தங்களுக்குள் எதுவும் பேசிக்கொள்ள வேண்டியதில்லை என்பது. வன்பொருளில் 16 ஒப்பீட்டு மரங்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் போதும்.

ஐஸ்லிப்பை ஏற்கெனவே எழுதிவிட்ட உங்களுக்கு இன்னும் எளிய பாதை உண்டு. 1990களின் இறுதியில் வந்த சிஸ்கோ 12000 ரௌட்டரில் ஐஸ்லிப்பின் மாற்று வடிவமான இஸ்லிப் (ESLIP) பயன்பட்டது. அதில் ஒவ்வொரு உள்போர்ட்டிலும் யூனிகாஸ்ட் வரிசைகளோடு ஒரே ஒரு மல்டிகாஸ்ட் வரிசை. யூனிகாஸ்ட்டுக்கு ஒவ்வொரு வெளிப்போர்ட்டும் தனித்தனிச் சுழல்முள் (அடுத்த முறை யாருக்கு என்று காட்டும் சுட்டி) வைத்திருக்கும். மல்டிகாஸ்ட்டுக்கோ எல்லா வெளிப்போர்ட்டுகளுக்கும் சேர்த்துப் பொதுவான ஒரே சுழல்முள். யூனிகாஸ்ட்டில் முட்கள் வெவ்வேறு உள்போர்ட்டுகளைக் காட்டினால்தான் பொருத்தம் பெருகும். மல்டிகாஸ்ட்டில் எல்லாரும் ஒருவரையே காட்டினால்தான் அவர் செல் விரைவில் முடியும். முள் சுட்டும் உள்போர்ட்டின் செல் முழுவதும் முடிந்த பிறகே முள் நகர வேண்டும். ஒரே நிரலில் இவ்வளவு சிறிய மாற்றம் இரண்டு நேரெதிரான தேவைகளை நிறைவேற்றுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

எவ்வளவு நல்ல ஷெட்யூலர் எழுதினாலும் ஓர் எல்லை உண்டு, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த உள்போர்ட்டும் எந்த வெளிப்போர்ட்டும் தன் கொள்ளளவைத் தாண்டாத யூனிகாஸ்ட் டிராஃபிக்கை முழுமையாகக் கொண்டுசெல்லும் ஷெட்யூலர் உண்டு என்பது நிறுவப்பட்ட உண்மை. மல்டிகாஸ்ட்டில் அது பொய்த்துப்போகிறது. 3 வெளிப்போர்ட் உள்ள சுவிட்சில், முதல் உள்போர்ட்டில் மூன்று பேருக்கும் போக வேண்டிய செல்கள் 3 சுற்றுக்கு 2 வீதம் வருகின்றன. இரண்டாம் உள்போர்ட்டில் ஒவ்வொரு வெளிப்போர்ட்டுக்கும் 3 சுற்றுக்கு 1 வீதம் யூனிகாஸ்ட் செல்கள் வருகின்றன. வெளிப்போர்ட் ஒவ்வொன்றிலும் சுமை மூன்றில் இரண்டும் மூன்றில் ஒன்றுமாகச் சேர்ந்து சரியாக முழுமை. எங்கும் மிகை இல்லை. ஆனால் இரண்டாம் உள்போர்ட் தன் சுமையைத் தீர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒரு வெளிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே முதல் உள்போர்ட்டுக்கு எந்தச் சுற்றிலும் இரண்டு வெளிப்போர்ட்டுகளுக்கு மேல் கிடைக்காது. மூன்று இலக்குள்ள செல் ஒவ்வொன்றுக்கும் அது குறைந்தது இரண்டு சுற்று செலவிட வேண்டும். 3 சுற்றில் 2 செல் முடிக்க 4 சுற்று தேவைப்படுகிறது. எந்த ஷெட்யூலராலும் முடியாது.

இந்த இக்கட்டிலிருந்து வெளியேற ஒரு வியக்கத்தக்க வழியை எம்ஐடி ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். ப, ம என்ற இரண்டு செல்கள் காத்திருக்கின்றன. முதல் சுற்றில் 1 கிடைக்கவில்லை, ப-வை 2-க்கும் 3-க்கும் அனுப்புகிறோம். இரண்டாம் சுற்றில் 2 கிடைக்கவில்லை, ம-வை 1-க்கும் 3-க்கும் அனுப்புகிறோம். மூன்றாம் சுற்றில் 3 கிடைக்கவில்லை. ப, ம இரண்டையும் பிட்டுக்குப் பிட் எக்ஸார் (ஒத்தால் 0, வேறுபட்டால் 1) செய்து கிடைக்கும் ஒரே செல்லை 1-க்கும் 2-க்கும் அனுப்புகிறோம். 1-இடம் ம ஏற்கெனவே இருப்பதால் அது ப-வை மீட்டெடுக்கிறது. 2-இடம் ப இருப்பதால் அது ம-வை மீட்டெடுக்கிறது. மூன்று சுற்றில் இரண்டு செல்களும் மூவருக்கும் சேர்ந்துவிட்டன. தயாரிப்பில் இருக்கும் சுவிட்சுகள் இதைச் செய்வதில்லை, வெளிப்போர்ட்டுகளில் தேவைப்படும் நினைவகமும் சிக்கலும் அதிகம். அவர்கள் எடுக்கும் வழி எளியது: கிராஸ்பாரை இணைப்பு வேகத்தைவிட வேகமாக ஓட்டி, வெளிப்போர்ட்டில் ஒரு சிறு பஃபர் வைப்பது. உங்கள் எஃப்பிஜிஏவிலும் கிராஸ்பாரின் அகலத்தை இரட்டிப்பாக்க இடம் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். நுட்பமான ஷெட்யூலரைவிட அது பெரும்பாலும் மலிவு.

கிராஸ்பாரை விட்டு, இன்று டேட்டா சென்டர்களில் ஓடும் ஒற்றைச் சிப் சுவிட்சுகளில் பெரும்பாலானவை பின்பற்றும் பகிர்வு நினைவக முறைக்கு வருவோம். அங்கே பாக்கெட் உள்ளே வந்ததும் பொது நினைவகத்தில் ஒரே ஒரு முறை எழுதப்படும். வெளிப்போர்ட்டுகளின் வரிசைகளில் அதன் முகவரி மட்டுமே சேர்க்கப்படும். மல்டிகாஸ்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்று முதல் பார்வைக்குத் தோன்றும். தரவு நகலே இல்லை. முகவரி நகல் மட்டும்தான். கஷ்டம் எல்லாம் விவரத்தில் இருக்கிறது.

யூனிகாஸ்ட் வரிசை பொதுவாக இணைப்புப் பட்டியலாக அமையும். ஒவ்வொரு பஃபருக்கும் அடுத்தது எது என்று சொல்லும் ஒரு சுட்டி. ஒரு பாக்கெட் ஒரே வரிசையில் இருக்கும்வரை அந்த ஒரு சுட்டி போதும். மல்டிகாஸ்ட் பாக்கெட்டோ ஒரே நேரத்தில் பல வரிசைகளில் நிற்கிறது. 3-ஆம் போர்ட்டின் வரிசையில் அதற்கு அடுத்தது ஒன்று, 7-ஆம் போர்ட்டின் வரிசையில் வேறொன்று. ஆகவே சுட்டியைப் பஃபரோடு ஒட்டிவைக்க முடியாது. ஒவ்வொரு இலக்குக்கும் தனிக் குறிப்பேடு ஒன்றை ஒதுக்கி, அந்தக் குறிப்பேடுகளைத்தான் வரிசையில் கோக்க வேண்டும். இதனால் குறிப்பேடுகளுக்கான இடம் பஃபருக்கு முன்பாகவே தீர்ந்துபோகலாம். சேர்க்கும் வேகமும் பிரச்சினைதான். 100 ஜிகாபிட் போர்ட் ஒன்றில் நொடிக்கு 14.88 கோடி சிறிய பாக்கெட்டுகள் வரலாம். அவை ஒவ்வொன்றையும் 32 வரிசைகளில் சேர்க்க வேண்டுமென்றால் நகல் எந்திரம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. தயாரிப்பாளர்கள் நகல் எந்திரத்தின் முன்னால் தனியாக ஒரு சிறு வரிசை வைத்து, அது நிரம்பினால் மல்டிகாஸ்ட்டை மட்டும் உதிர்க்கிறார்கள். போர்ட்டுகள் எல்லாம் பாதி காலியாக இருந்தும் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகள் காணாமல் போவதைப் பார்த்துக் குழம்புபவர்கள் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் இந்த வரிசைதான்.

அடுத்து, பஃபரை எப்போது விடுவிப்பது? கடைசி வெளிப்போர்ட்டும் படித்து முடித்த பிறகு. அதற்காக ஒவ்வொரு பஃபருக்கும் ஓர் எண்ணி (கவுண்டர்) வைத்து, ஒவ்வொரு போர்ட்டும் படித்து முடித்ததும் ஒன்றைக் குறைக்கிறார்கள். எண்ணியைப் படிப்பதும், குறைப்பதும், திரும்ப எழுதுவதும் சில கிளாக்குகள் எடுக்கும். அதற்குள் இன்னொரு போர்ட்டும் பழைய மதிப்பைப் படித்துவிட்டால் ஒரு குறைப்பு காணாமல் போகும். அந்த பஃபர் என்றைக்கும் விடுபடாது. சுவிட்ச் பல நாள் நன்றாக ஓடிப் படிப்படியாக மூச்சுத் திணறும். எதிர்த்திசையில் பிழை நேர்ந்தால் அது இன்னும் ஆபத்தானது: பஃபர் முன்கூட்டியே விடுபட்டு, அதில் வேறொரு பாக்கெட் எழுதப்பட்டு, மெதுவான போர்ட் அந்நியருடைய தரவைப் படித்து அனுப்பிவிடும். ஒவ்வொரு போர்ட்டின் விடுவிப்புக் கோரிக்கையையும் சிறு வரிசையில் நிறுத்தி, ஒரே குறைப்பான் வழியாக ஒவ்வொன்றாகக் கடத்துவது பாதுகாப்பான வழி. வேகம் போதாவிட்டால் பஃபர் முகவரியின் கீழ் பிட்டுகளைக் கொண்டு எண்ணிகளைப் பல நினைவகத் தொகுதிகளாகப் பிரிக்கலாம். ஒரு பஃபரின் எண்ணியை ஒரே குறைப்பான்தான் தொடுகிறது என்பது மட்டும் மாறக்கூடாது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, ஏடிஎம் என்ற, எல்லாத் தரவையும் சிறு செல்களாக அனுப்பும் வலையமைப்பு முறையின் காலத்தில் நகல் எடுப்பதற்கென்றே தனி வலையமைப்பு கட்டும் மரபு ஒன்று இருந்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களின் ஆய்வகமான பெல்கோரில் இருந்த டோனி லீ 1988-இல் வெளியிட்ட வடிவம் அதில் தலைசிறந்தது. உள்ளே வரும் செல்களின் இலக்கு எண்ணிக்கைகளை ஒரு கூட்டல் சுற்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு செல்லுக்கும் தொடர்ச்சியான ஒரு தற்காலிக முகவரி இடைவெளியை ஒதுக்கும். பின்னர், சிறு சுவிட்சுகளை நிலை நிலையாக அடுக்கிய பன்யன் வலையமைப்பின் ஒவ்வொரு நிலையும் அந்த இடைவெளியின் இரு எல்லைகளில் ஒரு பிட்டை மட்டும் பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால் செல்லை ஒரு பக்கம் அனுப்பும், வேறுபட்டால் இரண்டாகப் பிளக்கும். இடைவெளிகள் தொடர்ச்சியாக ஒதுக்கப்பட்டிருப்பதால் உள்ளே மோதலே நிகழாது. பிளந்து முடிந்த நகல்களுக்கு உண்மையான முகவரி கடைசியில் ஓர் அட்டவணையிலிருந்து கிடைக்கும். கூட்டுத்தொகை போர்ட்டுகளின் எண்ணிக்கையைத் தாண்டினால் மீதிச் செல்கள் காத்திருக்க வேண்டும்; கூட்டல் எப்போதும் முதல் போர்ட்டிலிருந்தே தொடங்கினால் கடைசிப் போர்ட்டுகளுக்கு அநீதி நேரும், ஆகவே தொடக்கப் புள்ளியைச் சுற்றிவர வைக்க வேண்டும். இன்று இதை அப்படியே கட்டுபவர் அரிது. ஆனால் பல லைன் கார்டுகள் (போர்ட்டுகள் உள்ள செருகுப் பலகைகள்) கொண்ட பெரிய சேஸிகளில் நகலைப் படிநிலைகளாக எடுக்கும் வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது: நடுவில் உள்ள ஃபேப்ரிக், அதாவது பலகைகளை இணைக்கும் சுவிட்ச், லைன் கார்டுக்கு ஒரு நகல் மட்டும் தரும், லைன் கார்டு தன் போர்ட்டுகளுக்குத் தானே நகல் எடுத்துக்கொள்ளும்.

படிநிலை நகல் உங்கள் 16 போர்ட் சுவிட்சுக்கும் பொருந்தும், விலான் (ஒரே இணைப்பில் பிரித்து ஓடும் மெய்நிகர் வலையமைப்பு) ஆதரவு தரப்போகிறீர்கள் என்றால். ஐபி முகவரியைப் பார்த்து அனுப்பும் மூன்றாம் அடுக்கு மல்டிகாஸ்ட்டில் ஒரே வெளிப்போர்ட்டில் 20 விலான்கள் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கே 20 நகல்கள் வேண்டும்; ஒவ்வொன்றிலும் விலான் குறியும் மூல மேக் முகவரியும் மாறும், டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரௌட்டர்களைக் கடக்கலாம் என்ற எண்) ஒன்று குறையும். இதையெல்லாம் 16 பிட் பிட்மேப்பில் அடக்க முடியாது. எனவே அட்டவணையை இரண்டாகப் பிரியுங்கள். உள்போர்ட்டில் பாக்கெட்டுக்கு ஒரு குழு எண் கிடைக்கட்டும். அந்த எண் கிராஸ்பாருக்கான பிட்மேப்பைத் தரும். வெளிப்போர்ட்டில் அதே குழு எண் அந்தப் போர்ட்டுக்கான விலான் பட்டியலைத் தரும். கடைசி நகல்களும் தலைப்புத் திருத்தங்களும் அங்கே நடக்கட்டும். ஒரு பாக்கெட் வந்த போர்ட்டுக்கே அதே விலானில் திரும்பிப் போகாமல் தடுப்பதும், பல போர்ட்டுகள் ஒரே இணைப்புபோல் இயங்கும் லாகாகக் (LAG) கட்டப்பட்டிருந்தால் அவற்றில் ஒன்றுக்கு மட்டும் நகல் போவதும் இந்தக் கட்டத்தில் மறந்துவிடக் கூடாதவை.

மெதுவான பெறுநரை என்ன செய்வது என்பது கொள்கை முடிவு. அதை ஷெட்யூலரின் தற்செயலுக்கு விட்டுவிடாதீர்கள். 16 இலக்குகளில் ஒன்றின் பஃபர் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்காகக் காத்திருந்தால் ஒரே ஒரு கணினியின் தாமதம் மற்ற 15 பேரின் நேரடி ஒளிபரப்பையும் நிறுத்திவிடும். அந்த உள்போர்ட்டின் மல்டிகாஸ்ட் வரிசை முழுவதும் அதன் பின்னால் தேங்கும். இரண்டு மல்டிகாஸ்ட் செல்கள் ஒன்றுக்கொன்று தேவையான இடத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றது விடட்டும் என்று காத்து நின்றால் முட்டுக்கட்டையே விழலாம். மல்டிகாஸ்ட்டில் எதிர் அழுத்தம் (நிரம்பிய இடம் பின்னால் வருபவரை நிறுத்திவைப்பது) வேண்டாம் என்பதே என் உறுதியான பரிந்துரை: நிரம்பிய வெளிப்போர்ட்டுக்கான நகலை மட்டும் அங்கேயே உதிர்த்து, அதற்கென ஒரு கணக்கீட்டுப் பதிவேட்டை உயர்த்தி, செல்லை நகரவிடுங்கள். பெரும்பாலான மல்டிகாஸ்ட் பயன்பாடுகள் இழந்ததைத் தானாக மீண்டும் அனுப்பாத யூடிபி மேல் ஓடுவதால், இழப்பைச் சமாளிக்கும் வழியைப் பயன்பாடே வைத்திருக்கும். முடங்கிப்போன சுவிட்சைச் சமாளிக்கும் வழி எந்தப் பயன்பாட்டிடமும் இல்லை.

பிட்மேப்பை நிரப்புவது ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கின் வேலை: எந்தக் குழு வேண்டும் என்று கணினிகள் அனுப்பும் ஐஜிஎம்பி செய்திகளைச் சுவிட்ச் ஒட்டுக்கேட்டுப் பதிந்துகொள்வது. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4541 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அதற்கான வழிகாட்டி. வன்பொருளைப் பாதிக்கும் இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். ஐபிவி4 குழு முகவரியில் வேறுபடும் 28 பிட்டுகளில் கீழ் 23 மட்டுமே ஈதர்நெட் முகவரியில் இடம்பெறுகின்றன. எனவே 32 குழுக்கள் ஒரே மேக் முகவரியைப் பகிர்கின்றன. 239.128.0.5 என்று ஒரு வீடியோ ஓடையைத் தொடங்கினால், அதன் மேக் முகவரி ரௌட்டர்கள் பாதைத் தகவல் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை பயன்படுத்தும் 224.0.0.5-இன் முகவரியே. 224.0.0 என்று தொடங்கும் குழுக்கள் எல்லாப் போர்ட்டுகளுக்கும் போக வேண்டியவை என்பதால், மேக் முகவரியை மட்டும் பார்க்கும் சுவிட்ச் அந்த வீடியோவையும் எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டும். தேடலை ஐபி முகவரியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, குழுவில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று வினவும் சாதனம் வலையமைப்பில் ஒன்றுமே இல்லாவிட்டால், இயல்பான 125 நொடி இடைவெளியில் வர வேண்டிய வினாக்கள் வராமல், பதிவுகள் 260 நொடியில் காலாவதியாகிவிடும். நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல் நன்றாக ஓடி நின்றுபோகும் ஓடையைக் கண்டால் உங்கள் கிராஸ்பாரைச் சந்தேகிக்காதீர்கள்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒவ்வொரு உள்போர்ட்டிலும் இருக்கும் 16 வரிசைகளை அப்படியே விட்டு, மல்டிகாஸ்ட்டுக்கு ஒரே ஒரு வரிசையைக் கூட்டுவேன். அதன் தலைச் செல்லுக்கு 16 பிட் மிச்ச பிட்மேப்பும், எல்லா வெளிப்போர்ட்டுகளுக்கும் பொதுவான ஒரு சுழல்முள்ளும் வைப்பேன். யூனிகாஸ்ட்டும் மல்டிகாஸ்ட்டும் மோதும்போது ஒரு சுற்றில் ஒன்றுக்கும் அடுத்த சுற்றில் மற்றொன்றுக்கும் முன்னுரிமை தருவேன். தலைமறிப்பு அளவுக்கு மீறினால் குழு எண்ணைக் கொண்டு பங்கிட்டு மல்டிகாஸ்ட் வரிசையை நான்காக்கலாம். ஒரே குழுவின் செல்கள் எப்போதும் ஒரே வரிசையில் விழுந்தால் வரிசைமுறை கலையாது. சோதனைத் தளத்தில் சீரான டிராஃபிக்கை ஓட்டித் திருப்தி அடையாதீர்கள். எல்லா உள்போர்ட்டுகளும் எல்லா வெளிப்போர்ட்டுகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் நிலை, மேலே சொன்ன மூன்று வெளிப்போர்ட் சுமை, ஒரு வெளிப்போர்ட் மட்டும் பத்தாயிரம் சுற்றுகள் அடைபட்டுக் கிடக்கும் நிலை ஆகிய மூன்றையும் ஓட்டி, கடைசியில் டிராஃபிக்கை முழுவதும் நிறுத்திவிட்டுக் காலி பஃபர்களின் எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்த அதே எண்ணுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் விடுவிப்புத் தர்க்கத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது.